பெரிய பல்கலைக்கழகமும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாள்களில், இண்டூரிலுள்ள நம் சங்கத்தின் அறைக்குப் பெற்றோர் வரத் தொடங்குவர். தந்தையர் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுகொள்வர். தாய்மார்களே உள்ளே வந்து பேசுவர். "ஐயா, பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். மெட்ராசில் பெரிய யுனிவர்சிட்டியில் சேர்க்கலாம் என்று வாத்தியார் சொல்கிறார். அனுப்பலாமா? இல்லை, தருமபுரிக் காலேஜிலேயே போட்டுவிடலாமா?" கேள்வி சிறியது. ஆனால் அதைக் கேட்கும் முகத்தில் ஒரு தலைமுறையின் கூலியும் கவலையும் எழுதியிருக்கும்.

இக்கேள்விக்கு நான் வீட்டுக்கு ஒரு விதமாக விடை சொல்லி வந்திருக்கிறேன். சில வேளை தவறாகவும் சொல்லியிருக்கிறேன். வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என விழாக் குழுவினர் பணித்தபோது, நம் மக்களுக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஏற்பட்ட உறவு எவ்வாறு வளர்ந்தது என்பதையே எழுதலாம் என்று துணிந்தேன். முன்னே சென்றவர்கள் அங்கே எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று அறிந்தால், வாசலில் நிற்கும் தந்தைக்குச் சொல்லும் விடை இன்னும் சற்றுத் தெளிவாக அமையும் அல்லவா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒரு சட்டத்தின் வழியாகப் பிறந்தது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றியவையே. மூன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் இவை பாடம் நடத்தவில்லை என்பதை நம் இளைஞர் பலர் அறியார். கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுக்கும், தேர்வு வைக்கும், தேறியவருக்குப் பட்டம் வழங்கும். அதன் முதற் பட்டதாரியாகப் போற்றப்படும் சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய அப்பெரியாரைத் தமிழுலகம் நன்கறியும். கடற்கரையில் இன்று நாம் காணும் செனட் மாளிகை, கட்டடக் கலைஞர் சிஷோம் வகுத்த திட்டப்படி 1879இல் கட்டி முடிக்கப்பட்டது.

தென்னாட்டின் பெரும்பகுதி அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குள் அடங்கியிருந்தது. 1916இல் மைசூரும், 1918இல் உசுமானியாவும், 1926இல் ஆந்திரமும், 1929இல் அண்ணாமலையும், 1937இல் திருவிதாங்கூரும் தத்தமக்கெனப் பல்கலைக்கழகங்கள் கண்டன. நம் பகுதியோ 1857 முதல் 1997 வரை நூற்று நாற்பது ஆண்டுகள் சென்னையின் கீழேயே இருந்தது.

தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகம் என்பது ஒரு குறையே. ஆயினும் நம் போன்றோருக்கு அக்குறையிலும் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. திண்ணைப் பள்ளியின் திண்ணையில் நம் பாட்டன்மார் ஏற முடியவில்லை. அங்கே ஆசிரியரே தேர்வாளர், ஆசிரியரே நீதிபதி. அவர் முகம் பார்த்தே எழுத்தாணி கொடுப்பார். விடைத்தாளில் முகம் இல்லை. அதில் இருப்பது எண் ஒன்றே. அந்தத் தாள் வேறோர் ஊரில், எழுதியவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று அறியாத ஒருவரால் திருத்தப்படுகிறது. பெரிய நிறுவனத்தின் முதல் நன்மை இதுவே என்பது என் கருத்து. அது நம்மை அறியாது. அறியாததனால் நம்மை ஒதுக்குவதும் அதற்கு அவ்வளவு எளிதன்று.

ஆனால் அந்த எண்ணைப் பெறும் இடம் வரை சென்று சேர வேண்டுமே! பள்ளிக்கூடத்து வாயில் திறந்தால்தானே பல்கலைக்கழகத்து வாயில்? கிறித்துவ மிஷன் பள்ளிகள் சில கதவுகளைத் திறந்தன. 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனியாணை பிறப்பித்தது. 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி கண்டார். அயோத்திதாச பண்டிதரின் ஊக்கம் அதற்குத் துணை நின்றது. பல்கலைக்கழகம் தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்கும் ஏற்பாடுகள் பரவலாகத் தொடங்கின என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அக்காலத்தில் படித்த ஒருவரின் நிலையை அவர் வாயாலேயே அறிய முடிகிறது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1859இல் பிறந்தவர். கோயமுத்தூரில் கல்வி கற்றவர். 1939இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அந்நாள்களைக் குறித்திருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர் படித்த அந்த இடத்தில் பத்துப் பேர் போக ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் பிறரோடு கலந்து பழகவில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன் வெளியே எங்கேனும் ஒதுங்கியிருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே நுழைவார். மாலையில் யாரும் பேச்சுக் கொடுப்பதற்கு முன் விரைந்து வீடு திரும்பிவிடுவார்.

இதைப் படிக்குந்தோறும் எனக்கு ஒன்று தோன்றும். நானூறு பேர் இருந்ததால்தான் அவரால் ஒளிந்துகொள்ள முடிந்தது. நாற்பது பேர் மட்டும் படித்த இடமாயிருந்தால் முதல் வாரத்திலேயே ஊர், தெரு, தந்தை பெயர் எல்லாம் கேட்டிருப்பர். கூட்டம் அவரைக் காத்தது. ஆனால் என்ன விலைக்கு? விளையாட்டு இல்லை, நட்பு இல்லை, ஐயம் கேட்க ஒருவர் இல்லை. அந்த மாணவரே பிற்காலத்தில் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். மறைத்துக்கொண்டு படித்தவர் மறைக்காமல் எழுதினார். 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவரும் அவரே.

அடுத்த தலைமுறையினர் மறைக்க வேண்டிய தேவை சற்றுக் குறைந்தது. பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் வெஸ்லி கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியராகி, சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாக அமர்ந்தார். தந்தை என். சிவராஜ் அவர்கள் சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்து, 1945இல் சென்னை மாநகரின் மேயரானார். இவர்களைப் போன்றோர் மிகச் சிலரே. சென்னை நகரிலோ அதன் அருகிலோ வாழ்வும் உறவும் வாய்த்தவர்களுக்கே அது இயன்றது. வெளியூரிலிருந்து வருபவன் எங்கே தங்குவான்? யார் வீட்டில் உண்பான்? தேர்வுக் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். தலை சாய்க்க ஓர் இடத்தைக் கடன் வாங்க முடியாது. நம் மக்களின் உயர்கல்வி வரலாற்றில் இதுவே நடுவான செய்தி எனக் கருதுகிறேன்.

இதனை முதலில் உணர்ந்து செயற்பட்ட தமிழர்களுள் சுவாமி சகஜானந்தர் தலையாயவர். 1916இல் சிதம்பரத்தில் அவர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அது சென்னையைப் போலத் தேர்வு மட்டும் நடத்துவதன்று. மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம். ஒரே ஊரில் இரண்டு கல்வி நிலையங்கள். ஒன்று செல்வந்தரின் பெருங்கொடையால் எழுந்தது. மற்றொன்று ஒரு துறவி ஊர் ஊராகச் சென்று திரட்டிய பொருளால் நின்றது. பல்கலைக்கழகத்தின் வாயில் வரை ஒரு சேரிப் பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் வேலையைச் செய்தது இரண்டாவது நிலையமே.

அரசும் தன் பங்குக்குச் சிறிது செய்தது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் ஆணையரின் துறை நம் மக்களுக்கெனப் பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. நம் பெரியோர் பேச்சில் 'லேபர் ஸ்கூல்' என்று வருவது இதுவே. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளின் வேர் அங்கே இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜாவின் பெயர் தாங்கிய மாணவர் விடுதியில் தங்கிப் பட்டம் பெற்றவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்.

இனி அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். பெரிய பல்கலைக்கழகத்தின் நன்மையும் தீமையும் அவரைப் போல முழுதாக அறிந்தவர் வேறு யார்? பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பட்டத்துக்கு வேண்டிய பாடங்களோடு நில்லாமல் பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மெய்யியல் என்று கிடைத்த வகுப்புகளிலெல்லாம் அமர்ந்தார். ஜான் டூயி, செலிக்மன் போன்ற பேரறிஞர்கள் அங்கே ஆசிரியர்கள். தம் வாழ்வின் சிறந்த நண்பர்கள் சிலரை அங்கேதான் கண்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். நூலகமும் நட்பும் அஞ்சாத பேச்சும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய பல்கலைக்கழகத்தில்தான். சிறிய கல்லூரி எவ்வளவு அன்புடையதாயினும் இதைத் தர இயலாது.

அந்தப் பட்டங்களோடு அவர் 1917இல் பரோடாவுக்கு வேலை ஏற்கச் சென்றார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் செய்தது. உலகத்தின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களுள் ஒன்று கொடுத்த பட்டம், ஒரு நகரத்தில் ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை.

ஆகவே அவர் பின்னாளில் எதை முதலில் கட்டினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை 1925ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. கல்லூரியைக் கட்டுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே விடுதி! 1945இல் மக்கள் கல்விக் கழகம் தோன்றியது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. வேலைக்குச் செல்வோர் படிக்க ஏதுவாக அங்கே காலை வகுப்புகள் நடந்தன. அக்கல்லூரியைப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தே நடத்தினார். பட்டம் பெரிய பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கட்டும். பிள்ளையைத் தாங்கும் கை நம்முடையதாக இருக்கட்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள் என்று நான் கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தை அவர் குறை கூறாமலும் இல்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு 1924இல் அளித்த கருத்துரையில், தேர்வு நடத்துவதோடு நின்றுவிடும் அமைப்பு உண்மையான கல்விக்கூடம் ஆகாது என்பதை வற்புறுத்தினார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழக மசோதா வந்தபோது, உயர்ந்த கல்வியை ஏழை எளியோரின் வாயில் வரை கொண்டு செல்வது பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்றும், பிற்படுத்தப்பட்டோருக்கு அதன் ஆட்சி மன்றத்தில் இடம் வேண்டும் என்றும் வாதாடினார். உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, முடிவெடுக்கும் மேசையிலும் நம்மவர் இருக்க வேண்டும் என்ற இக்கருத்து நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. நம் இளைஞர்கள் பட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பேரவை உறுப்பினர் யார், ஆட்சிக்குழுவில் யார் என்று கேட்பவர் அரியர்.

அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944இல், பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வாங்குவது அதன் தொடர்ச்சியே. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 1971இல் நம் பங்கு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. 2009இல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. இந்த விழுக்காடுகளை மனப்பாடமாகச் சொல்லும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். இவை முதன்மையாக அரசின் கல்வி நிலையங்களைப் பிணிக்கும் விதிகள். அரசுப் பல்கலைக்கழகம் இடம் மறுத்தால் கேட்கச் சட்டம் உண்டு, வழக்கு உண்டு, சட்டமன்றத்தில் கேள்வி உண்டு.

இவ்விடத்தில் நம் மாவட்டத்தின் கதைக்குத் திரும்புகிறேன். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் உருவாயிற்று. அதே ஆண்டில் தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. அதுவரை இண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலும் சேலம், அல்லது அதற்கும் அப்பால். காலையில் கூழ் குடித்துவிட்டுப் பேருந்து ஏறிப் போய், மாலையில் வீடு திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூடிய தொலைவில் ஒரு கல்லூரி வந்தது என்பது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை இன்றைய இளைஞர் உணர்வது கடினம்.

நான் அக்கல்லூரியில் 1978 முதல் 1981 வரை படித்தவன். முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம். ஆங்கிலத்தில் ஒருமுறை தவறி மறுபடி எழுதினேன். என் பட்டத்தில் 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்று அச்சிட்டிருக்கிறது. அந்நாளில் நான் சென்னையையே பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவுக்குச் செல்லக் கையில் பணமில்லாததால், கட்டணம் செலுத்தி அஞ்சலில் வரவழைத்தேன். கைநாட்டு வைக்கும் என் தந்தை, அந்த உறையைப் பிரிக்காமலே இரண்டு நாள் சாமி படத்தருகே வைத்திருந்தார். அவர் கண்ணுக்கு அது மிகப் பெரிய பல்கலைக்கழகம். எனக்கோ அது ஒரு முத்திரை மட்டுமே. அதன் நூலகத்தில் நான் ஒரு நாளும் அமர்ந்ததில்லை.

அந்தக் குறை உறுத்தியதால் முதுகலைக்கு ஒரு பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டா. முதல் மாதம் நான் கண்ட நூலகத்தை என் ஆயுள் முழுவதும் மறவேன். வரிசை வரிசையாக நூல்கள். எடுத்துப் பார்க்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் ஒரே பெஞ்சில் எல்லோரும் அமர்ந்தோம். யார் டம்ளரை யார் குடித்தார் என்று பார்ப்பார் இல்லை. ஊரில் இருபது ஆண்டுகள் நிமிராத முதுகு அங்கே ஒரே பருவத்தில் நிமிர்ந்தது.

அதே விடுதியில் என் அறையில் பாலக்கோட்டுப் பக்கத்து மாணவன் ஒருவன் இருந்தான். நம்மவன், என்னைவிடக் கெட்டிக்காரன். கணக்கில் அவன் போடும் வழியை ஆசிரியரே வியப்பார் என்று அவனுடைய பழைய கல்லூரித் தோழர்கள் சொல்வர். இங்கே பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்த கூடத்தில் கடைசி வரிசை. ஐயம் கேட்க அவன் ஒருநாளும் எழவில்லை. உதவித்தொகை ஆண்டின் கடைசியில்தான் வரும் என்பதைச் சேரும்போது யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மூன்று மாத மெஸ் பாக்கி நின்றது. பெயர்ப்பட்டியலை விடுதிப் பலகையில் ஒட்டினார்கள். ஒருநாள் நான் நூலகத்திலிருந்து இரவு திரும்பியபோது அவனுடைய தகரப் பெட்டி கட்டிலின் கீழ் இல்லை. அவன் போனது ஆசிரியர் எவருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் சில வாரங்கள் அவன் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நானும் நூலகத்து மயக்கத்தில் அவன் உண்டானா, உறங்கினானா என்று கேட்காமல் இருந்தவனே.

தாத்தா சீனிவாசனைக் காத்த கூட்டமும் என் அறைத்தோழனை விழுங்கிய கூட்டமும் ஒன்றுதான். பெரிய பல்கலைக்கழகம் 'நீ யார்' என்று கேட்பதில்லை. அந்த ஒரே இயல்பிலிருந்துதான் நன்மை, தீமை இரண்டும் பிறக்கின்றன.

கேட்பதில்லை என்று பொதுவாகச் சொன்னேன். கேட்கின்ற இடங்களும் உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் நம் மாணவர் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. தொல்லை தாங்காமல் நம் மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கிக்கொள்ளும் நிலையை அது வெளிப்படுத்தியது. 2016 சனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில் படுத்துறங்கினர். அவர்களுள் ஒருவரான ரோகித் வெமுலா அம்மாதம் 17ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1917இல் பரோடாவில் அண்ணலின் பெட்டி வெளியே வைக்கப்பட்டதற்கும் இதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு. அடுத்த ஆண்டு மார்ச்சில், நம் அண்டை மாவட்டமாம் சேலத்திலிருந்து தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆய்வாளர் முத்துக்கிருஷ்ணனின் உடல் ஊர் திரும்பியது. இச்செய்திகளைக் கேட்ட தாய் ஒருத்தி, "படிக்க வேண்டாம் ஐயா, பிள்ளை இருந்தால் போதும்" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் அருகிலேயே படிப்பது நலமா? 1997 செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றி, நம் மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து அதனோடு இணைந்தன. தருமபுரியில் அதன் முதுகலை மையமும் வந்தது. பென்னாகரத்தில் அதன் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கியது பின்னர் அரசுக் கல்லூரியாயிற்று. தொலைவு குறைந்தது, செலவு குறைந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது பெரும்பேறு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தால் அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் கிடைக்கலாயிற்று. 2024இல் ஆண் பிள்ளைகளுக்கும் அவ்வாறே வந்தது. பெங்களூருக் கட்டட வேலைக்குப் போனால் பையன் கொண்டுவரும் கூலியோடு ஒப்பிட்டால் ஆயிரம் ரூபாய் எம்மாத்திரம் என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆயினும் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்டாமல் ஒரு பெண் படிப்பது சிறிய செய்தியன்று.

அருகில் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. பெயரில்லாத எண்ணே தேர்வின் சிறப்பு என்று மேலே எழுதினேன். 2022 சூலையில், பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு சாதிப் பெயர்களை விடைகளாக அச்சிட்டிருந்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. விடைத்தாளில் சாதி இல்லை, வினாத்தாளில் இருந்தது! அக்கூடத்தில் அமர்ந்து அந்த நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டியிருந்த நம் பிள்ளைகளின் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மற்றொன்று: 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது, பண்ட பாத்திரங்களோடு பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் சாம்பலாயின. ஊருக்குள்ளே இருந்து படிப்பதென்பது ஊரின் பகைக்குள்ளே இருந்து படிப்பதும் ஆகும்.

தனியார் கல்லூரிகளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. 2012ஆம் ஆண்டு அரசாணை 92இன்படி நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற உரிமை வந்தது நல்லதே. அதை நம்பிச் சேர்ந்தபின், 'பணம் வரும்வரை நீங்கள் கட்டுங்கள்' என்ற சொல்லுக்கு ஆட்பட்டு நிலத்தை அடகு வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. கட்டடத்தின் கண்ணாடியைக் கண்டு மயங்காமல், ஆசிரியர் எத்தனை பேர், விடுதி யாருடையது என்று கேட்டுச் சேருங்கள்.

என்னைக் கேட்டால், திறமையும் விருப்பமும் உள்ள பிள்ளையைப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பேன். நிமிர்ந்த முதுகை வேறெங்கும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் தனியே அனுப்பக் கூடாது. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றின் படிகளை இரண்டிரண்டாக எடுத்து வையுங்கள். உதவித்தொகை எந்தத் திங்களில் வரும் என்பதை முன்பே கேட்டு, அதுவரை மெஸ் கட்டணத்துக்கு வழி செய்யுங்கள். அரசு விடுதிக்குச் சேர்க்கை நாளன்றே விண்ணப்பம் கொடுங்கள். 2025இல் அவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று அரசு பெயர் மாற்றியது. பெயர் எதுவாயினும் கட்டில் ஒன்று உறுதியாக வேண்டும். ஏற்கெனவே அங்கே படிக்கும் நம்மவர் ஒருவரின் கையில் பிள்ளையை ஒப்படையுங்கள். இதற்கெனவே நம் சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். எந்த ஊரில், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த விடுதியில் நம் பகுதிப் பிள்ளை யார் இருக்கிறார் என்று அதில் எழுதி வருகிறோம். பழைய நீள நோட்டுதான். அட்டை கிழிந்து இரண்டு முறை தைத்தாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சூன் மாதத்தில், நரைத்த தலையோடு ஒருவர் சங்கத்து வாசலில் நின்றார். உடன் ஒரு பெண். அவர் பேசத் தொடங்கிய பிறகே அடையாளம் தெரிந்தது. என் பழைய அறைத்தோழன். அன்று பெட்டியோடு பெங்களூருக்குப் போனவர், சென்ட்ரிங் வேலையில் தொடங்கி மேஸ்திரியாகி, வயதான பின் ஊர் திரும்பியிருந்தார். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். மகளுக்குக் கணிதம். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. நல்ல துறையா, வேலை கிடைக்குமா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கே ஆஸ்டலில் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?" என்றார்.

பதிவேட்டைப் புரட்டினேன். இருவர் இருந்தார்கள், ஒருத்தி இரண்டாம் ஆண்டு, அதே துறை. அவளுடைய பெயரையும் அறை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மகளிடம் தராமல், நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சேர்க்கை நாளன்று மூவருமாகவே போனோம்.